அரசரை ஆக்கியவர் ஏன் அரசர் ஆகவில்லை?

செங்கடகல நகரின் கடைசி அரசர்கள் – பகுதி 9

சென்ற வாரம் ராஜாதி ராஜசிங்கரின் மரணத்தோடு நிறுத்தினோம். 1798 ஜூலை மாதம். மன்னருக்குப் பிள்ளை இல்லை. கரையோரம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறி இரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. கண்டி அரண்மனையில் மகா அதிகாராக, அதாவது முதன்மை அமைச்சராக, இருந்தவர் பிலிமத்தலாவ. அடுத்த மன்னர் யார் என்று தீர்மானிக்கும் பலம் அன்று அவரிடமே இருந்தது. தீர்மானித்தார். 13 வருடம் கழித்து, அவர் தெரிந்தெடுத்த அதே மன்னரின் கட்டளைப்படி அவர் தலை வெட்டப்பட்டது.

இந்த 13 வருடங்களை நம்மில் பெரும்பாலோர் இரண்டே வசனத்தில் படித்திருக்கிறோம்: பிலிமத்தலாவ துரோகி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் கொடுங்கோலர். பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. அரசரையே உண்டாக்கும் அளவுக்குப் பலம் படைத்த ஒருவரால் அந்த அரசரை அடக்கி வைக்க ஏன் முடியவில்லை? சிம்மாசனத்தில் ஒரு பொம்மையை வைத்துப் பின்னாலிருந்து ஆள்வது உலகில் புதிய வித்தை அல்ல. தலைமுறை தலைமுறையாக அதைச் செய்து காட்டியவர்கள் இருந்தார்கள். கண்டியில் மட்டும் அது பலிக்கவில்லை. அதற்குக் காரணம் பிலிமத்தலாவயின் குணத்திலோ மன்னரின் குணத்திலோ இல்லை, கண்டி அரசு கட்டப்பட்டிருந்த விதத்திலேயே இருந்தது என்பதுதான் இந்தப் பகுதியின் வாதம்.

18 வயது இளைஞர்

1798இல் மகுடத்துக்கு உரிமை கோரக்கூடியவர்களில் முன்னால் நின்றவர் முத்துசாமி, இறந்த மன்னரின் பட்டத்து அரசியின் சகோதரர். 1739இல் நரேந்திரசிங்கருக்குப் பின் அரசியின் சகோதரரே அரசரானார் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வழக்கப்படி பார்த்தால் முத்துசாமியின் பக்கம் நியாயம் இருந்தது. பிலிமத்தலாவ அவரை ஒதுக்கினார். இரண்டாம் அதிகாராக இருந்த அரவாவல முத்துசாமியை ஆதரித்தார், உயிரை இழந்தார். முத்துசாமி தப்பி ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தார். மகா அதிகார் முன்னிறுத்தியது கண்ணுசாமி என்ற 18 வயது நாயக்க இளைஞரை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் என்ற பெயரில் அவருக்கு முடிசூட்டப்பட்டது.

ஏன் கண்ணுசாமி? முத்துசாமிக்கு அரசியின் துணையும் நாயக்க உறவினரின் ஆதரவும் இருந்தன. கண்ணுசாமிக்கு வயதும் இல்லை, பின்னால் நிற்க ஆளும் இல்லை. இதை ஒரு தந்திரசாலியின் தனிப்பட்ட சூழ்ச்சி என்று மட்டும் பார்த்தால் பெரிய படம் தவறிப்போகும். 60 வருடங்களாகக் கண்டிப் பிரதானிகள் எல்லோரும் செய்து வந்ததையே பிலிமத்தலாவ இன்னும் கூர்மையாகச் செய்தார். 1739இல் நரேந்திரசிங்கருக்குச் சிங்களப் பெண் ஒருவரிடம் பிறந்த உனம்புவ பண்டார என்ற மகன் இருந்தார். தாய் அரச குலத்தவர் அல்ல என்ற காரணம் சொல்லப்பட்டு அவர் விலக்கப்பட்டார். அந்தக் காரணம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதன் விளைவைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். உனம்புவ அரசராகியிருந்தால் தாய்வழி உறவினர் ஒரே நாளில் மற்றக் குடும்பங்களுக்கு மேலே போயிருப்பார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் அரசரானால் எந்தக் குடும்பமும் மேலே போகாது. 1760இல் அப்போதைய நாயக்க மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கரைக் கொல்லச் சதி செய்தவர்கள் கூட, சமனக்கொடி அதிகார் உட்பட, தங்களில் ஒருவரை அரசராக்க நினைக்கவில்லை. அவர்கள் மனதில் இருந்தவர் சீயத்து இளவரசர் ஒருவர். ஓர் அந்நியரை இறக்குவதற்கு இன்னோர் அந்நியர்!

ஆகவே நாயக்கர் அந்நியராக இருந்தும் சகித்துக்கொள்ளப்பட்டார்கள் என்பது பாதி உண்மைதான். அந்நியர் என்பதனாலேயே அவர்கள் வேண்டப்பட்டார்கள். சிம்மாசனம் என்பது பெருங்குடும்பங்களுக்கு இடையிலான ஓர் உடன்படிக்கை: அதில் நீயும் இருக்க மாட்டாய், நானும் இருக்க மாட்டேன்.

கமகுராவில் பலித்தது

ஜப்பானில் அதற்கு ஏறக்குறைய 6 நூற்றாண்டுகளுக்கு முன்பு இதே கணக்கைப் போட்டு வென்ற ஒரு குடும்பம் உண்டு. அங்கே பேரரசர் கியோட்டோவில் இருந்தார். ஆட்சியின் கடிவாளம் கமகுராவில் ஷோகன் என்ற படைத்தலைவரின் கையில் இருந்தது. 1192இல் அந்தப் பட்டம் பெற்ற மினமோட்டோ யோரிட்டோமோ 1199இல் இறந்தார். அவர் மனைவி மசாகோவின் பிறந்த வீடான ஹோஜோ குடும்பம் ஷோகனின் பெயரால் மெல்ல மெல்ல ஆளத் தொடங்கியது. 1219இல் மூன்றாவது ஷோகன் சனெட்டோமோ கோயிலொன்றில் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டம் வெறுமையாகக் கிடந்தது. ஹோஜோக்கள் அதில் தாங்கள் ஏறவில்லை. கியோட்டோவிலிருந்து புஜிவாரா குலத்துக் குழந்தை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். யோரிட்சுனே என்ற அந்தக் குழந்தைக்கு அப்போது இரண்டு வயது கூட நிறையவில்லை. 1226இல் ஷோகன் ஆக்கினார்கள். பிள்ளை வளர்ந்து, அவரைச் சுற்றி ஆட்கள் சேரத் தொடங்கியதும், 1244இல் இறக்கினார்கள். இரண்டு வருடத்தில் கியோட்டோவுக்கே திருப்பி அனுப்பியும் விட்டார்கள். 1252 முதல் பேரரசர் குடும்பத்து இளவரசர்களைக் கொண்டு வந்து அமர்த்தினார்கள். இந்த ஏற்பாடு 1333 வரை ஓடியது.

கண்ணுசாமியும் யோரிட்சுனேயும் ஒரே காரணத்துக்காக வரவழைக்கப்பட்டவர்கள்: வெளியூர், சிறு வயது, சொந்தப் பலம் இல்லை. இருவரும் வளர்ந்தார்கள், இருவரும் தங்களை அமர்த்தியவர்களுக்குத் தலைவலியானார்கள். அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. கமகுராவில் அமர்த்தியவர்கள் வென்றார்கள், கண்டியில் அமர்த்தப்பட்டவர் வென்றார். ஹோஜோக்களுக்குச் சொந்த நிலமும் அந்த நிலத்தில் வாழ்ந்த சொந்தப் போர்வீரர்களும் இருந்தனர். அவர்களோடு கூட நின்ற வீரக் குடும்பங்களும் தத்தம் நிலவுரிமையைப் பரம்பரையாக அனுபவித்தவை. ஷோகன் யாராக இருந்தாலும் அந்த நிலம் அவர்களுடையது. பிலிமத்தலாவயிடம் அப்படி என்ன இருந்தது?

சாட்டையும் முழந்தாளும்

வெளியிலிருந்து பார்த்தால் நிறையவே இருந்தது. அதிகார் வீதியில் வரும்போது ஆட்கள் முன்னால் நீண்ட சாட்டைகளைச் சொடுக்கிக்கொண்டு வருவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் வழிவிட வேண்டும். நாட்டின் பாதிக் காரியம் அவர் வாய்ச்சொல்லில் நடந்தது. ஆனால் அதே அதிகார் இரவு நேரத்துத் தர்பாரில் மன்னர் முன்னிலைக்கு வரும்போது தரையில் விழுந்து வணங்கி, முழந்தாளில் நின்றுதான் பேசவேண்டும். கண்டிக்கு வந்த ஐரோப்பியத் தூதர்கள் இதைக் கண்டு வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதை வெறும் சடங்காக நினைத்தார்கள். அது சடங்கு மட்டுமல்ல. அதிகாருடைய நிந்தகம நிலங்கள் பதவியோடு வந்தவை, பதவியோடு போகிறவை. மாகாணங்களை ஆண்ட திசாவைகளை மன்னர் நினைத்தபோது மாற்றலாம், ஒரு மாகாணத்தைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். திசாவை கூப்பிட்டால் ஆயுதத்தோடு வருகிற குடியானவர் திசாவைக்காக வருவதில்லை, ராஜகாரியம் என்ற கட்டாய அரச சேவைக்காக வருகிறார். முதலாம் அதிகாருக்குப் பக்கத்திலேயே இரண்டாம் அதிகார் ஒருவர் இருந்தார். ஒருவரை ஒருவர் கண்காணிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

இன்னொன்றும் உண்டு, அதற்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் இடம் குறைவு. மன்னரின் மெய்க்காவல் மலாய் வீரர்களிடமும் தென்னிந்திய வீரர்களிடமும் இருந்தது. அவர்கள் எந்தத் திசாவையின் ஊர்க்காரரும் அல்லர். சம்பளம் மன்னரிடமிருந்து வந்தது. அந்நிய அரசருக்கு நாட்டில் சொந்தம் இல்லை என்று கணக்குப் போட்டவர்கள், அந்நியக் காவலருக்கும் நாட்டில் சொந்தம் இல்லை என்பதை மறந்துவிட்டார்கள். பிலிமத்தலாவயின் ஊர் அரண்மனையிலிருந்து அதிக தூரமில்லை. இன்று கொழும்பு வீதியில் கடுகண்ணாவைக்கும் பேராதனைக்கும் இடையில் பஸ் நிற்கிற அதே பிலிமத்தலாவை. ஆனால் அங்கிருந்து அரண்மனைக்குப் படையெடுத்து வர அவரிடம் சொந்தப் படை என்று ஒன்று இருக்கவில்லை.

படை இல்லாதவர் படை வைத்திருப்பவரைத் தேடிப் போவார். 1799 முதல் அவிசாவளைப் பக்கத்தில் நடந்த சந்திப்புகளில் ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த்திடம் அவர் கேட்டது அதைத்தான்: மன்னரை அகற்ற வேண்டும், ஆட்சி தன் கைக்கு வர வேண்டும், அதற்கு ஆங்கிலேயர் துணை வேண்டும். இதை நோர்த்தின் கடிதங்கள் வழியாகத்தான் அறிகிறோம், அவர் தன் போரை நியாயப்படுத்தக் கதை கட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். ஆனால் அந்தக் கடிதங்கள் நோர்த்துக்குப் பெருமை சேர்ப்பவை அல்ல. கொலைக்கு உடன்பட மறுத்ததாக எழுதுகிறவர், கொலை பேசியவரோடு பேச்சைத் தொடர்ந்ததையும் தானே எழுதுகிறார். மன்னரை ஆங்கிலேயர் காவலில் வைத்துக்கொண்டு அதிகாரை ஆளவிடும் திட்டம் ஒன்றையும் அவரே தயாரித்தார். தன் கையாலேயே தன் பெயருக்குக் கறை பூசிக்கொள்கிற சாட்சியை நான் நம்பத்தான் செய்வேன். 1800இல் ஜெனரல் மக்டவல் படையோடு கூடிய தூதாகக் கண்டிக்குப் போனார். மன்னர் இணங்கவில்லை. பொம்மை என்று நினைத்த 20 வயது இளைஞர் முதன்முதலாக வேண்டாம் என்று சொன்னது அங்கேதான்.

தம்பதெனிய, 1803 மே 3

புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகளின் பாக்கை 1802இல் கண்டிக்காரர் பறிமுதல் செய்தனர். நஷ்டஈடு கேட்ட சச்சரவு போராக வளர்ந்தது. 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயப் படை கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டுக் கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் ஆளற்றுக் கிடந்தது. மன்னரும் மக்களும் மலைக்குள் போய்விட்டனர். கையோடு கொண்டு வந்த முத்துசாமிக்கு ஆங்கிலேயர் முடிசூட்டினர். அந்த முடியை வணங்க ஒரு பிரதானி கூட வரவில்லை. வெளியிலிருந்து வந்தவர் என்றால் போதாது. பிரதானிகள் கூடி ஏற்றால்தான் அவர் அரசர் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி தேவையில்லை.

மே 3ஆம் திகதி தம்பதெனியவில் நோர்த்தும் பிலிமத்தலாவயும் நேரில் சந்தித்தனர். உடன்பாடு இப்படி: ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்படுவார். முத்துசாமி யாழ்ப்பாணத்துக்குப் போய் அங்கே அரச மரியாதையோடு இருப்பார். கண்டியை பிலிமத்தலாவ, உத்தம குமாரயா என்ற புதுப் பட்டத்தோடு, முழு அதிகாரத்துடன் ஆள்வார். இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசர் பட்டத்தோடு ஒருவர் தூரத்து ஊரில் இருப்பார். அரசர் அல்லாத ஒருவர் தலைநகரில் ஆள்வார். கியோட்டோவும் கமகுராவும் போல யாழ்ப்பாணமும் கண்டியும். இலங்கையின் வரலாற்றில் ஒரு ஷோகனுக்கு இவ்வளவு கிட்ட யாரும் வந்ததில்லை. காகிதத்தில் அது கைக்கு எட்டிவிட்டது. ஆனால் அந்தக் காகிதத்துக்குப் பின்னால் நின்றது கண்டியில் விடப்பட்டிருந்த மேஜர் டேவியின் சிறு ஆங்கிலேயக் காவற்படை, அதுவும் காய்ச்சலில் நாளுக்கு நாள் செத்துக்கொண்டிருந்த படை.

பிலிமத்தலாவ உண்மையில் நாட்டுக்காகவே நடித்தார், ஆங்கிலேயரை மலைக்குள் இழுத்து அழிக்கத்தான் இந்த நாடகம் என்று சொல்பவர்களும் உண்டு. கீழே வரும் ஜூன் மாத நிகழ்வுகளை வைத்துப் பார்த்தால் அந்த வாதம் பலமாகத்தான் தெரிகிறது. ஆனால் அப்படியானால் 1811ஐ எப்படி விளக்குவது? அப்போது மலையில் விரட்டுவதற்கு ஆங்கிலேயர் யாரும் இல்லை. அப்போதும் அவர் இலக்கு மன்னரின் உயிராகவே இருந்தது. எனக்குத் தோன்றுவது, அவர் இரண்டு ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் ஆடினார் என்பது. எதையும் தனியே முடிக்கும் பலம் இல்லாதவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

வத்தபுளுவ ஆற்றங்கரை

ஜூன் 24ஆம் திகதி கண்டிப் படை நகரைத் தாக்கியது. டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் போக விடுவதாக வாக்குக் கொடுக்கப்பட்டது. நோயாளிகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, மிச்சப் பேரோடு முத்துசாமியையும் கூட்டிக்கொண்டு அவர் வத்தபுளுவ வரை நடந்தார். மகாவலி கங்கை பெருகி ஓடியது, கடக்க ஓடம் இல்லை. மூங்கிலில் தெப்பம் கட்டப் பார்த்தார்கள், ஆழமும் வேகமும் விடவில்லை. அங்கே மன்னரின் ஆட்கள் வந்து முதலில் கேட்டது முத்துசாமியை. அவரைக் கொடுத்தால் மற்றவர்கள் போகலாம் என்றார்கள். டேவி தயங்கினார், பிறகு கொடுத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். ஜூன் 26ஆம் திகதி ஆயுதங்களைக் கீழே வைத்த வீரர்களும் கொல்லப்பட்டனர். நகரில் விட்டுவந்த நோயாளிகளும் தப்பவில்லை. மலாய்ப் படையின் கப்டன் நூருதீனைத் தன் சேவைக்கு வரும்படி மன்னர் கேட்டார். அவர் மறுத்ததால் அவருக்கும் மரணம்தான். டேவி மட்டும் கைதியாகக் கண்டி நாட்டிலேயே வருடக்கணக்கில் இருந்து இறந்தார்.

ஆங்கிலேய வரலாறு இந்த இடத்தில் படுகொலையைப் பற்றியே பேசும். அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் நம் கேள்விக்கு இங்கே முக்கியமான சாவு முத்துசாமியினுடையது. மன்னரை மாற்றுவேன் என்று மிரட்டுவதற்கு மாற்று ஆள் ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். கமகுராவுக்குக் கியோட்டோவில் எப்போதும் இன்னொரு குழந்தை கிடைத்தது. கண்டியின் மகா அதிகாருக்கு இருந்த ஒரே துருப்புச் சீட்டு அந்த ஆற்றங்கரையில் போயிற்று. ஆங்கிலேயரும் இனி அவரை நம்பப் போவதில்லை. வென்றது யார் பெயரில்? மன்னர் பெயரில். ஐரோப்பியப் படையொன்றை அழித்த அரசர் என்ற பெயர் 23 வயதில் ஸ்ரீ விக்கிரமருக்குக் கிடைத்தது. அதைப் பெற்றுக் கொடுத்ததில் பிலிமத்தலாவக்கும் பங்கு இருந்தது.

தமிழர் என்பதாலா?

இங்கே எதிர்ப்பு ஒன்று வரும். மன்னர் தமிழ் பேசிய சைவர், பிரதானிகள் சிங்கள பௌத்தர், மோதல் அதுதான், மற்றதெல்லாம் சுற்றிவளைப்பு என்பார்கள். இரு பக்கத்திலும் இதைச் சொல்கிறவர்கள் உண்டு. 1760 சதியில் கீர்த்தி ஸ்ரீ நெற்றியில் திருநீறு பூசியது ஒரு குற்றச்சாட்டாக வந்தது என்பது உண்மை. ஆனால் அதே கீர்த்தி ஸ்ரீயின் காலத்தில்தான் 1753இல் சீயத்துப் பிக்குமார் வந்து உபசம்பதா என்ற உயர் துறவுத் தீட்சையை மீண்டும் நிறுவினர். தலதா மாளிகைக்கு முன்னால் நிற்கும் எண்கோண பத்திரிப்புவவைக் கட்டியவர் ஸ்ரீ விக்கிரமர். 1803இல் சிங்களக் குடியானவர்கள் இந்த அரசருக்காகவே காட்டிலும் மலையிலும் நின்று போரிட்டார்கள். கண்டிப் பிரதானிகளுக்குத் தமிழ் அந்நிய மொழியும் அல்ல. கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த 1815 உடன்படிக்கையில் சிலர் தமிழெழுத்தில் ஒப்பமிட்டதை அந்தப் பத்திரத்திலேயே காணலாம். ‘மலபார்’ (தமிழர்) என்ற குற்றச்சாட்டு இல்லாமல் இருந்ததில்லை. சண்டை வந்தபோது உறையிலிருந்து எடுக்கப்பட்ட கத்தி அது, சண்டையின் காரணம் அல்ல.

கொடுமை என்ற எதிர்ப்புக்குப் பதில் இன்னும் சுருக்கம். மன்னர் கடுமையானவர், 1803 செப்டம்பரில் ஹங்வெல்லையில் தோற்றுத் திரும்பிய லெவுகே திசாவையின் தலை போயிற்று. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிலிமத்தலாவ அவரை அகற்ற முயன்றது 1799இல், அந்தக் கொடுமை எதுவும் தொடங்குவதற்கு முன்பு. விளைவைக் காரணம் என்று சொல்லக் கூடாது.

1811

அடுத்த சில வருடங்களில் மன்னர் அமைதியாகக் கயிற்றை இறுக்கினார். பதவிகள் வேறு ஆட்களுக்குப் போயின. எஹலேபொல என்ற பெயர் அடிக்கடி கேட்கத் தொடங்கியது. வயல்கள் கிடந்த பள்ளத்தில் அணை கட்டி வாவி வெட்டும் வேலைக்கு ஊர் ஊராக ராஜகாரியத்துக்கு ஆள் அழைக்கப்பட்டது, முணுமுணுப்பு எழுந்தது. கீர்த்தி ஸ்ரீயின் வழிவந்த பேத்தி ஒருத்தியைத் தன் மகனுக்கு மணமுடிக்க பிலிமத்தலாவ முயன்றபோது மன்னருக்கு அதன் பொருள் உடனே விளங்கியது. அரச இரத்தம் மகா அதிகார் வீட்டுக்குள் வந்தால் அந்தப் பழைய உடன்படிக்கை முடிந்தது. மற்றப் பிரதானிகளுக்கும் அது விளங்கியிருக்கும். அந்தச் சமயம் பிலிமத்தலாவக்காக எவரும் வாய் திறக்கவில்லை. மன்னர் சபையில் வைத்துக் கண்டித்தார், பதவி போயிற்று.

பதவி போனதும் அவரிடம் எஞ்சியது என்ன என்பது அவருடைய கடைசிச் சதியிலேயே தெரிகிறது. மன்னரைக் கொல்ல மலாய்க் காவலரின் அதிகாரியான முகாந்திரத்தை அவர் விலைபேச வேண்டியிருந்தது. நாட்டையே ஆண்டவர் அரண்மனைக் காவலனிடம் போய் நின்றார். இன்னொரு பக்கம் உடுநுவரையும் யட்டிநுவரையும் கிளம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கே நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள், சதி அம்பலமாயிற்று. பிலிமத்தலாவயின் தலை வெட்டப்பட்டது. பதவியை இழந்த அதிகாருக்காக நாடு எழவில்லை. கமகுராவில் ஹோஜோவின் வாசலில் வாளோடு நின்ற பரம்பரை வீரர்களைப் போல யாரும் அவர் வாசலில் நிற்கவில்லை.

மகா அதிகாராக எஹலேபொல நியமிக்கப்பட்டார். சாட்டைக்காரர்கள் இப்போது அவருக்கு முன்னால் போனார்கள். அவரும் பெரிய குடும்பத்தவர், அவருக்கும் ஆசை இருந்தது, முன்னவருக்கு என்ன நடந்தது என்பதை அவர் கண்ணாலேயே கண்டிருந்தார். ஆங்கிலேயரின் பக்கம் இப்போது நோர்த் இல்லை. கொழும்பில் கண்டி நடப்பை நாள்தோறும் குறிப்பெழுதிக்கொண்டு ஜோன் டொயிலி என்பவர் காத்திருந்தார். எஹலேபொல சப்ரகமுவவுக்குப் போகும்போதெல்லாம் மனைவியும் பிள்ளைகளும் கண்டி நகரில் மன்னரின் பார்வைக்குள்ளேயே இருந்தார்கள். இது தெரிந்திருந்தும் 1814இல் அவர் ஏன் துணிந்தார்? அடுத்த வாரம் பார்ப்போம்.